வழுவும் வழுவமைதியும்: உணவுக் கட்டுப்பாட்டில் விருந்துணவின் அறநிலை

முன்னுரை

உடல் எடையைக் குறைக்கும் நோக்கில் நாள்தோறும் உணவை வரையறுத்து உண்ணும் ஒருவர், முன்னரே திட்டமிட்ட சில வேளைகளில் அவ்வரையறையைத் தளர்த்தி, விரும்பியதை உண்பது இன்றைய நகர வாழ்வில் பெருவழக்காகியுள்ளது. வாரத்தில் ஒரு வேளையையோ மாதத்தில் இரு வேளைகளையோ இதற்கென ஒதுக்குவோர் பலர். ஆங்கில வழக்கைத் தழுவி இதனைச் ‘சீட் மீல்’ என்று குறிப்பிடுகின்றனர். ஏமாற்றி உண்ணும் உணவு என்பது இத்தொடரின் பொருளாகும். ஏமாற்றுதல் நிகழ ஏமாற்றுபவரும் ஏமாற்றப்படுபவரும் வேண்டும். தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விதியைத் தாமே தளர்த்தும் ஒருவர் யாரை ஏமாற்றுகிறார்? அச்செயல் குற்றமாயின் அதனைத் திட்டத்திலேயே சேர்ப்பது எங்ஙனம் பொருந்தும்? குற்றமன்றாயின் அதற்குக் குற்றத்தின் பெயர் ஏன்? இவ்வினாக்களைத் தமிழ் இலக்கண மரபு கண்ட வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் பாகுபாட்டின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறைவிலிருந்து மிகுதிக்கு

மேற்கண்ட வினா எல்லாக் காலத்திற்கும் உரியதன்று. உணவு மிகுந்த காலத்திற்கே உரியது. ஐதராபாத்தின் தார்நாகாப் பகுதியில் அமைந்துள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும். இந்நிறுவனம் 1918ஆம் ஆண்டு நீலகிரியின் குன்னூரில், இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞரின் தலைமையில், பெரிபெரி நோயை ஆராயும் சிறு பிரிவாகத் தோன்றியது. 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் இன்றைய பெயரைப் பெற்றது. பெரிபெரி என்பது தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவால் வருவது. குறைவால் வரும் நோயை ஆராயத் தோன்றிய அந்நிறுவனமே 2024இல் வெளியிட்ட 17 உணவு வழிகாட்டு நெறிகளில், உடற்பருமனைத் தவிர்க்கவும் எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகியவற்றைக் குறைக்கவும் வலியுறுத்துகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதினருள் உரிய அளவினும் மிக்க எடையுடையோர் தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 விழுக்காட்டினர், ஆண்களில் 37 விழுக்காட்டினர். தெலங்கானாவில் இவ்வளவு முறையே 30.1, 32.3 விழுக்காடாகும்.

பழந்தமிழ் இலக்கியம் காட்டும் விருந்து, வறுமையின் மறுபக்கமாக அமைந்தது. சிறுபாணாற்றுப்படையில் பாணனின் குடும்பம் குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணி, வாயிலை அடைத்துவிட்டு உண்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலனின் அரண்மனையில் தங்கிய பொருநன், ஓயாது ஊன் தின்றதால் தன் பற்கள் கொல்லையை உழுத கொழுவைப் போலத் தேய்ந்ததாகக் கூறுகிறான். இவ்விரு காட்சிகளையும் இணைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. பொருநனின் பெருந்தீனியை எவரும் குற்றமாகக் கருதவில்லை; அதற்கு முன்னும் பின்னும் பசி இருந்தது. விருந்தின் எல்லையைப் பண்டு வறுமையே வகுத்தது. இன்று அவ்வெல்லையை உண்பவரே வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. நாணமும் இடம் மாறியுள்ளது. அன்று இல்லாமைக்கு நாணிக் கதவடைத்து உண்டனர்; இன்று கட்டுப்பாட்டை மீறியதற்கு நாணி மறைவாக உண்போரைக் காண்கிறோம்.

கணக்கும் வயிறும்

விருந்துணவால் விளையும் எடை மாற்றத்தை முதலில் கணக்களவில் நோக்குவது தகும். ஒருவர் தம் தேவையினும் நாளொன்றுக்கு 500 கிலோகலோரி குறைத்து உண்பதாகக் கொள்வோம். ஆறு நாளில் அவர் 3000 கிலோகலோரி குறைத்துள்ளார். ஏழாம் நாள் தேவைக்கு மேல் 1000 கிலோகலோரி உண்டால், வாரக் கணக்கில் 2000 எஞ்சும். தேவைக்கு மேல் 3000 உண்டால் எதுவும் எஞ்சாது. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கிலோகலோரி தருவது. மாவுச்சத்தும் புரதமும் 4 கிலோகலோரி தருபவை. எனவே நெய்யும் எண்ணெயும் மிகுந்த விருந்தில் இவ்வெல்லையைக் கடத்தல் எளிது. அளவுடன் அமைந்த ஒரு விருந்து ஆறு நாள் முயற்சியை அழிப்பதில்லை. அளவற்ற விருந்து அழித்துவிடும்.

மறுநாள் காலையில் எடைக்கருவி காட்டும் ஏற்றம் முழுவதும் கொழுப்பன்று. உப்பும் மாவுச்சத்தும் உடலில் நீரைத் தேக்குகின்றன. அந்நீர் சில நாள்களில் நீங்கும். இதனை அறியாதார் ஒரே இரவில் தம் உழைப்பு வீணாயிற்று என்று மனம் உடைகின்றனர்.

அம்மனமுடைவே பெரிய கேட்டிற்கு வாயிலாகிறது. 1975இல் ஹெர்மன், மாக் என்னும் உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஈண்டுக் கருதத்தக்கது. உணவைக் கட்டுப்படுத்தும் வழக்கமில்லாதவர்கள், முதலில் இனிப்பூட்டிய பாற்கலவையைப் பருகியபின் பனிக்கூழைக் குறைவாகவே உண்டனர். உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்களோ பாற்கலவையைப் பருகியபின் முன்னினும் மிகுதியாக உண்டனர். விதி ஒருமுறை உடைந்துவிட்டது, இனிக் காத்துப் பயனில்லை என்னும் எண்ணம் அவர்களை மேலும் உண்ணச் செய்தது என்று இதனை விளக்குவர். இங்குக் கேடு விளைத்தது முதற்குவளை மட்டுமன்று. ஒருமுறை தவறினால் முற்றும் தவறியதாகக் கருதும் மனநிலையுமாகும்.

நல்வழியில் ஔவையார் தம் வயிற்றையே முன்னிலைப்படுத்தி, ஒருநாள் உணவை விடச் சொன்னால் அது விடாது என்றும், இருநாள் உணவை ஒருநாளில் ஏற்கச் சொன்னால் ஏற்காது என்றும் நொந்துரைக்கிறார். விருந்துக்காக முன்னிரு வேளை பட்டினி கிடப்போர்க்கு இக்கருத்து இன்றும் பொருந்தும். கணக்கேடு வாரத்தைக் கூட்டிக் கழிக்கலாம். வயிறு அன்றன்றைக்கு உரியதை அன்றன்றே கேட்பது.

வழுவமைதி என்னும் அளவுகோல்

சொல்லதிகார உரையாசிரியர்கள், மொழியில் வழுக்காத்தலை இருவகைப்படுத்துவர். வழு நிகழாதவாறு விலக்கிக் காப்பது ஒன்று. காரணம் பற்றி நிகழும் வழுவை அமைத்துக்கொண்டு காப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் காத்தல் என்றே அவர்கள் வழங்கினர் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. வழுவமைதி இலக்கணத்தின் தோல்வியன்று. இலக்கணம் தன்னை நிலைநிறுத்திக்கொள்ளும் வழிகளுள் ஒன்று. பசுவொன்றை அன்பு மேலீட்டால் அன்னையாகக் கொண்டு, உயர்திணை முடிபு கொடுத்துக் கூறுவது திணை வழுவமைதியாகும். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களால் இத்தகைய மயக்கம் அமையும் என்று நன்னூல் வகுக்கிறது. அவ்வாறு கூறுபவர் பசு அஃறிணை என்பதை மறந்தவரல்லர். காரணமின்றி அங்ஙனம் கூறினால் அது வழுவே.

இதிலிருந்து வழுவமைதிக்குரிய மூன்று கூறுகளைப் பெறலாம். முதலாவது, வேட்கைக்குப் புறம்பான ஒரு காரணம் இருத்தல். இரண்டாவது, அமைதியின் எல்லை முன்னரே வரையறுக்கப்பட்டிருத்தல். மூன்றாவது, வழாநிலை பொதுவிதியாகத் தொடர்ந்து நிற்றல். எப்போதும் அமைத்துக்கொள்ளப்படும் வழு, அமைதி என்னும் பெயரை இழந்துவிடும்.

இவ்வளவுகோலை உணவுக்குப் பொருத்தலாம். உடன்பிறந்தாள் திருமணத்தில் இலை முன் அமர்ந்து, பாயசத்தை ஏற்று, அவ்வேளையோடு நிறுத்தி, மறுநாள் தம் வழக்கத்திற்குத் திரும்புபவர் செய்தது வழுவமைதி. அலுவலகச் சோர்வு, மழை, தொலைக்காட்சியில் ஆட்டம் என நாள்தோறும் ஒரு காரணம் கண்டு உண்பவர் செய்வது வழு. உண்ட பண்டம் இருவர்க்கும் ஒன்றாகவே இருக்கலாம். வேறுபாடு பண்டத்தில் இல்லை. உண்டவர் தம் விதியோடு கொண்ட உறவில் உள்ளது.

காரணம் வேட்கைக்குப் புறம்பானதாக இருத்தல் வேண்டும் என்பது, சுவைத்து உண்ணுதல் ஆகாது என்று பொருள்படாது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான மருந்து, முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணுதலை வலியுறுத்துகிறது. 9ஆம் அதிகாரமான விருந்தோம்பலோ, விருந்தினர் புறத்திருக்கத் தான் மட்டும் உண்பது அமிழ்தமேயாயினும் வேண்டத்தக்கதன்று என்கிறது. உணவு உடலுக்கு மருந்தாவதோடு மனிதர்க்கிடையே உறவாகவும் விளங்குவதை இவ்விரு அதிகாரங்களும் ஒருங்கே உணர்த்துகின்றன. எவ்வேளையிலும் தளராத கட்டுப்பாடு முதலறத்தைக் காத்து இரண்டாமறத்தை இழக்கக்கூடும். அன்போடு சமைத்துப் பரிமாறும் தாயின் முன் அட்டவணையை எடுத்துக் காட்டுபவர் எடையில் வெல்லலாம், வேறொன்றில் தோற்றிருப்பார்.

ஒரு மறுப்பு

இக்கருத்துக்கு வலிய மறுப்பொன்று எழக்கூடும். அரிஸ்டாட்டில் ‘நிகோமாகிய அறவியல்’ நூலின் ஏழாம் பகுதியில் இருவகை மாந்தரைப் பிரித்துக் காட்டுகிறார். ஒருவர் நல்லதை அறிந்தும் வேட்கைக்கு ஆட்பட்டுத் தவறிப் பின் வருந்துபவர். மற்றவர் இன்பத்தையே கொள்கையாகத் தேர்ந்து, வருந்தாது நுகர்பவர். முன்னவர் திருந்தக்கூடியவர், பின்னவர் திருந்துதல் அரிது. இவ்வழி நோக்கினால், பசியால் தடுமாறி உண்டு வருந்துபவரைவிட, நாள் குறித்து வருத்தமின்றி உண்பவர் கீழானவர் ஆகாரோ?

இம்மறுப்பை எளிதில் ஒதுக்குதல் இயலாது. திட்டமிடல் மட்டுமே ஒரு செயலை நல்லதாக்கிவிடாது. எனினும் எதனைத் தேர்ந்தார் என்பதே இங்கு வினா. இன்பமே குறிக்கோள் எனத் தேர்ந்தவர்க்கு நிறுத்த வேண்டிய இடம் என ஒன்றில்லை. விருந்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் உரிய இடமளிக்கும் வாழ்வைத் தேர்ந்தவர்க்கு அவ்விடம் உண்டு. ஆகவே குறித்த எல்லையில் நின்றாரா, மறுநாள் பேரம் பேசாது விதிக்குத் திரும்பினாரா என்பனவே அவர் யார் என்பதைக் காட்டும். எல்லை வாரந்தோறும் நகருமாயின் மறுப்பே வென்றது எனக் கொள்ள வேண்டும்.

அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதனை, மல்லன் மைலோவின் உணவைச் சான்றுகாட்டி அரிஸ்டாட்டிலே விளக்குகிறார். நீரிழிவு உடையோர்க்கும், உண்ணத் தொடங்கினால் நிறுத்த இயலாத நோய்நிலை உடையோர்க்கும் இங்குக் கூறிய தளர்வு பொதுவிதியாகாது. அவர்கள் மருத்துவர் வழி நிற்பதே தக்கது.

நோன்பும் ஹலீமும்

ஐதராபாத்தில் வாழ்வோர் இவ்வறத்தின் நடைமுறை வடிவத்தை ஆண்டுதோறும் காண்கின்றனர். இரமலான் மாதத்தில் பகல் முழுதும் நீரும் அருந்தாது நோன்பிருப்போர், கதிரவன் மறைந்தபின் பேரீச்சம்பழத்துடன் நோன்பு துறக்கின்றனர். கோதுமையும் இறைச்சியும் பருப்பும் நெய்யும் சேர்த்துப் பல மணிநேரம் விறகடுப்பில் வெந்து, கட்டையால் மசிக்கப்படும் ஹலீம் அம்மாலைகளுக்கு உரிய உணவாகும். அரபு நாட்டிலிருந்து வந்து நிசாமின் படையில் பணியாற்றியோர் வழியாக இந்நகரில் பரவிய இவ்வுணவு, 2010இல் புவிசார் குறியீடு பெற்றது. நோன்பு வழிபாடு, எடைக் குறைப்புடன் அதனை ஒன்றாக்குதல் பொருந்தாது. ஆயினும் கட்டுப்பாடும் விருந்தும் ஒரே ஒழுங்கின் இரு பகுதிகளாக நிற்கக்கூடும் என்பதற்கு இது சான்றாகிறது. மாலையில் உண்டதனால் பகல் நோன்பு பொய்யாயிற்று என்று எவரும் கூறுவதில்லை. அவ்வுணவை ஏமாற்று உணவு என்று அழைக்க எவர்க்கும் தோன்றுவதுமில்லை. நோன்பு நோலாதோரும் அம்மாலைகளில் கடைகளை மொய்க்கின்றனர். அவர்கள் கையில் உள்ளதும் அதே ஹலீம்தான். அதற்கு முன்நின்ற பகல் மட்டும் இல்லை.

முடிவுரை

எடை குறைக்க முயல்வோர் எப்போதேனும் விருந்துண்பது தன்னளவில் குற்றமன்று. காரணமும் எல்லையும் விதிக்கு மீளுதலும் அமைந்தவழி அது வழுவமைதி. அவை இல்லாதவழி வழு. வழு நிகழ்ந்தபின்னும் ஒரு வழுவால் மொழி அழிவதில்லை என்பதை நினைத்தல் நலம். பிழைபடப் பேசியவர் அடுத்த தொடரைத் திருத்தமாகப் பேசலாம். அளவு மீறி உண்டவரும் அடுத்த வேளையை அளவோடு உண்ணலாம். இதற்குத் தண்டனையாகப் பட்டினியோ தன்னிழிவோ வேண்டுவதில்லை.

ஏமாற்று உணவு என்னும் பெயரைக் கைவிடுதலும் தகும். அப்பெயர் அமைதிக்குரிய விருந்தைக் குற்றமாக்கி நாணச் செய்கிறது. உண்மையான மீறலுக்கோ விளையாட்டுத்தனமான ஒரு போர்வையைத் தருகிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்த நம் மொழியில் விருந்து, மீதூண் என்னும் சொற்கள் முன்னரே உள்ளன. உண்டது இவற்றுள் எது என்பதை உண்டவர் தம் நெஞ்சறியச் சொல்லிக்கொள்வதே இக்கட்டுப்பாட்டில் முதன்மையான நேர்மை எனலாம்.