எண்ணிக்கையில் சேராத ஒன்று

ஒரு காரியத்தைப் பிசகில்லாமல் செய்து முடிக்கும் திருப்திக்கும், அந்தக் காரியம் எத்தகையது என்ற கேள்விக்கும் எந்த உறவும் இல்லாமல் போய்விடுவது எப்படி? இந்தக் கேள்வியை என்முன் கூர்மையாக நிறுத்தியது ஒரு வீடியோ விளையாட்டு. முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: சாதனம் எதுவானாலும், அது நம் பிரக்ஞையை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதுதான் விமர்சனத்தின் அக்கறை.

'மெட்ராய்ட் II: ரிட்டர்ன் ஆஃப் சாமுஸ்' 1991இல் நின்டென்டோவின் கேம் பாய் கருவிக்காக வெளிவந்தது. 1986இல் வந்த 'மெட்ராய்ட்'டின் தொடர்ச்சி. முதலாவதில், பிற உயிர்களின் சக்தியை உறிஞ்சும் மெட்ராய்ட் என்னும் ஜந்துக்களை விண்வெளிக் கொள்ளைக்காரர்கள் கைப்பற்றி ஆயுதமாக்கப் பார்க்கிறார்கள். சாமுஸ் என்ற கூலி வேட்டைக்காரி அதைத் தடுக்கிறாள். இரண்டாவதில், அவற்றின் கிரகமான எஸ்ஆர்388க்குப் போய் இனத்தையே அழித்துவிடும்படி கூட்டமைப்பு அவளுக்கு உத்தரவிடுகிறது. பயன்படுத்த நினைத்தவன் ஒருவன், தண்டனை பயன்படுத்தப்பட்டதற்கு.

திரையின் அடியில் ஓர் எண்: 39. ஒவ்வொரு கொலைக்கும் ஒன்று குறைகிறது. கீழே போகும் வழியை அமிலம் மறித்து நிற்கிறது. அந்தப் பகுதியில் கொல்ல வேண்டியவற்றைக் கொன்று தீர்த்தால் நிலம் அதிர்கிறது, அமிலம் வடிகிறது, வழி திறக்கிறது. ஆக, இங்கே தேடலும் கொலையும் இரண்டல்ல. வரைபடம் கிடையாது. சிறிய திரையில் சாமுஸின் உருவம் பெரியது என்பதால் சுற்றுப்புறம் கொஞ்சமே தெரியும். குகைகள் ஒன்றைப் போலவே இன்னொன்று. இந்தக் குழப்பத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே பொருள் அந்த எண்தான். மனம் அதைப் பற்றிக்கொள்கிறது. முடிவுக்குச் சற்று முன் 1 என்பது திடீரென்று 9 ஆகிறது. கூடுதலாக இத்தனை உயிர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை; கூடுதலாக இவ்வளவு வேலை என்றே தோன்றியது. எண்ணின் சாமர்த்தியம் இதுதான்: பொய் சொல்வதில்லை, உயிரை வேலையாக மாற்றிவிடுகிறது, அவ்வளவே.

ராணி மெட்ராய்டையும் கொன்றான பிறகு, கணக்கில் வராத ஒரு முட்டை பொரிகிறது. வெளிவந்த குஞ்சு சாமுஸின் பின்னாலேயே வருகிறது. வழியை மறிக்கும் தடைகளைத் தின்று அவளுக்குப் பாதை செய்கிறது. அவள் கப்பலை நோக்கி மேலேறுகிறாள். சுடுவதற்கு எதுவும் இல்லை.

இதைக் கருணை என்று சொல்லலாமா? சாமுஸ் கதாபாத்திரத்துக்கு அது கருணையாக இருக்கலாம். விளையாடியவனுக்கு? குஞ்சை விட்டுவைப்பதா வேண்டாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் மற்றவற்றைக் கொல்வதா என்றும் கேட்கவில்லை. கருவியை அணைத்துவிடும் சுதந்திரம் மட்டும் எப்போதும் இருந்தது. எனவே இரண்டில் ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. கொலைக்கு உத்தரவைக் காட்டுகிறவன், கருணையின் கீழ் மட்டும் தன் கையெழுத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. உலகெங்கும் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர்கள் பின்னர் செய்ய முயல்வது இதைத்தான். தாம் காப்பாற்றிய ஒரு முகம் அவர்களுக்கு நன்றாக ஞாபகமிருக்கும்.

2002இல் வந்த 'மெட்ராய்ட் ஃப்யூஷன்' இதற்கு வேறொரு பதில் தருகிறது. எக்ஸ் என்ற கொடிய ஒட்டுண்ணியைத் தின்று கட்டுப்படுத்தவே மெட்ராய்ட்கள் உருவாக்கப்பட்டன. அவை அழிந்ததால் எக்ஸ் பெருகியது. இதையே அறத்தின் தீர்ப்பாகக் கொள்பவர்கள் உண்டு. எனக்கு இது உடன்பாடில்லை. பயன்பட்டிருக்கும், ஆகவே கொன்றிருக்கக் கூடாது என்றால், பயனற்றவற்றைக் கொல்லலாம் என்றாகிறது. கணக்கைத் திருத்தியிருக்கிறார்கள்; கணக்கு என்ற பார்வையை விடவில்லை.

2017இல் 'மெட்ராய்ட்: சாமுஸ் ரிட்டர்ன்ஸ்' என்று மறு ஆக்கம் வந்தபோது, குஞ்சு பொரிந்த பிறகு ரிட்லி என்ற பழைய எதிரியோடு ஒரு பெரிய சண்டையைச் சேர்த்தார்கள். தொழில்நுட்பத்தில் இது எவ்வளவோ முன்னேறியது. ஆனால் குஞ்சைக் காக்கும் வீரம் கிடைத்தவுடன், கொன்றவன் காவலனாகிவிடுகிறான். கேட்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. 1991இன் விளையாட்டு அந்தச் சலுகையைத் தரவில்லை. எண் தீர்ந்துபோன பிறகும், துப்பாக்கி ஏந்திய கையோடு, பின்னால் ஓர் உயிர் வர, சும்மா நடக்கவிட்டது.