நோவைச் சொல்வது பொறுமையின்மையா?

வருத்தக்காரரைப் பார்க்கப் போகிறோம். "எப்படியிருக்கிறீர்கள்?" என்று கேட்கிறோம். "பரவாயில்லை" என்கிறார். கட்டிலின் விளிம்பை இறுகப் பற்றியிருக்கும் அவருடைய கை வேறொன்று சொல்கிறது. ஆயினும் நாம் அவரைப் பொறுமைசாலி என்று புகழ்ந்துவிட்டு வீடு திரும்புகிறோம். வாசகரே, அவருடைய மௌனம் புண்ணியந்தானா?

நுரையீரற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். நுரையீரலின் ஒரு பகுதியை விலா எலும்புகளுக்கிடையே வெட்டி அகற்றியிருக்கிறார்கள். நோவுக்கு அஞ்சி அவர் ஆழ மூச்செடுப்பதில்லை. இருமவேண்டிய வேளையில் இருமலை அடக்கிக்கொள்கிறார். சளி உள்ளே தங்குகிறது, நுரையீரல் முழுதாக விரிய மறுக்கிறது, நியூமோனியாவுக்கு வழி பிறக்கிறது. அவர் வாய்விட்டுச் சொல்லாத நோ உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கிறது.

நோவைத் தாங்குவதே கிறீஸ்தவப் பண்பு என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. 1957ஆம் ஆண்டு பெப்ருவரி 24ந் திகதி, மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியர்களுக்கு உரையாற்றிய பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், நோ தணிக்கும் மருந்தை ஏற்பது விலக்கப்பட்டதன்று எனத் தெளிவாகவே கூறினார். விரும்பி ஏற்கும் நோவை அவர் மதித்தார். அதை எல்லார்க்கும் கடமையாக்கவில்லை.

சீனாவில் இத்தகைய 166 நோயாளரிடம் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2022இல் வெளியாயிற்று. நோ, இருமல், மூச்சு முட்டுதல், களைப்பு, நித்திரைக் குழப்பம் ஆகியவற்றுக்கு நோயாளர் தாமே 0 முதல் 10 வரை இலக்கமிடவேண்டும். வைத்தியசாலையில் இருக்கும்வரை நாள்தோறும், வீடு சென்றபின் 4 வாரம்வரை கிழமைக்கு இருமுறை. ஒரு பிரிவினரில் யாராவது 4 அல்லது அதற்கு மேல் இட்டால் சத்திரசிகிச்சை வைத்தியருக்கு இலத்திரனியல் எச்சரிக்கை போகும், அவர் கவனித்தாகவேண்டும். மற்றப் பிரிவினருக்கு வழமையான பராமரிப்பு கிடைத்தது. அவர்களும் இலக்கமிட்டார்கள், ஆனால் எச்சரிக்கை எவருக்கும் போகவில்லை.

வைத்தியசாலையை விட்டுப் புறப்படுமுன் சிக்கல் கண்டவர்கள் முதற் பிரிவில் நூற்றுக்கு 21.5, மற்றதில் 40.6.

இரு பிரிவினரும் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு பிரிவினர் சொன்னதற்கு மறுமொழி கூறும் பொறுப்பு ஒருவர்மேல் இருந்தது. வேற்றுமை அங்கேதான். கேட்டவன் கேட்டதனாலேயே கடனாளியாகிறான். நாம் கட்டிலருகே நின்று கேட்கும் கேள்வியோ, பெரும்பாலும், "பரவாயில்லை" என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கப்படுகிறது. நோயாளிக்கு அது தெரியும். நம்மைச் சங்கடப்படுத்தாமல் அனுப்பிவைக்கிறார்.

இயந்திரத்துக்கு அன்பு உண்டா என்று சிலர் கேட்பார்கள். இல்லைத்தான். ஆனால் அதற்கு அலுப்பும் இல்லை. மகளின் முகம் வாடுமே என்று நோவை மறைக்கும் தகப்பன், அதனிடம் 7 என்று அழுத்தத் தயங்கமாட்டார். அந்த 7ஐ மறுமுனையில் ஒரு மனிதன் பார்க்காவிட்டால் மட்டும் அது வெறும் விளையாட்டு.

இன்னொன்று. ஐயாவுக்குக் கண் தெரியாது, கை நடுங்குகிறது என்று மகன் கருவியை வாங்கித் தானே 3 என்று அழுத்திவிடக் கூடும். அன்பினால்தான் செய்வான். பக்கத்தில் அமர்ந்து கேள்வியை வாசித்துக் காட்டட்டும். அவர் சொல்லும் இலக்கத்தை அழுத்தட்டும். 3 என்பது மகனுடைய ஊகம், நோ ஐயாவுடையது.