ஊழ் என்று சொல்லி ஒதுங்கலாமோ?



வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பமொன்றில் பிறந்த யாம், பணியின் பொருட்டு நாஞ்சில் நாட்டிற்கு வந்து, முதலில் பள்ளியிலும் பின்னர் ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கும் தமிழ் கற்பித்தோம். ஓராண்டு, விழாவிற்கெனச் சிலப்பதிகார வழக்குரை காதையை நாடகமாக்கினோம். பாண்டியனாக நடிக்கவிருந்த மாணவி ஒத்திகையின் நடுவே நின்றுவிட்டாள். “டீச்சர், எல்லாம் ஊழ்வினையின் பயன் என்றுதானே வகுப்பில் எழுதச் சொன்னீர்கள்? அப்படியானால் பாண்டியன் எதற்காகச் சாக வேண்டும்? அவன் செய்த குற்றம் என்ன?” என்று கேட்டாள்.

“அரசன் ஆதலால் பொறுப்பு அவனுடையது” என்று ஏதோ கூறி ஒத்திகையைத் தொடர்ந்தோம். அது பொய்யான விடையன்று. ஆனால் அவள் கேட்டதற்கு உரிய விடையும் அன்று. அன்று யாம் அவ்வாறு நழுவியதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம். வினைக் கொள்கையை உயிரினும் மேலாகப் போற்றும் நம்மவர்க்கு அந்த வினா தேர்வுத்தாளோடு முடிவதன்று. பழவினைதான் கோவலனைக் கொன்றது என்றால், கொன்றவர் குற்றமற்றவர் ஆவாரோ?

சிலம்பினை நாடகக் காப்பியம் என்று அறிஞர் கூறுவர். உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் அதனைப் பதிப்பித்து வெளியிடுவதற்கு முன்பே கோவலன் கதை மக்களிடையே வழங்கி வந்தது. தமிழ் மேடையின் தலைமை ஆசிரியராகிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய கோவலன் நாடகத்தை ஊர்தோறும் மக்கள் விடிய விடியக் கண்டு கண்ணீர் விட்டனர். மணக்கோலத்தில் முடியும் நாடகங்களே மிகுந்த தமிழ் மேடையில், சாவில் முடியும் இந்தக் கதை தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது. 1964இல் வந்த பூம்புகார் திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் கவுந்தியடிகளாகத் தோன்றியதை நம் இல்லங்களில் மூத்தோர் இன்றும் சொல்வர்.

ஆனால் நாட்டு வழக்கில் நடமாடிய கதைக்கும் இளங்கோவடிகளின் கதைக்கும் பெரியதோர் வேறுபாடு உண்டு. பாண்டியனைப் பழிவாங்கக் காளியே கண்ணகியாகப் பிறந்தாள் என்பது நாட்டு வழக்கு. அங்ஙனம் கொண்டால் முடிவு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. மாந்தர் அனைவரும் பாவைக்கூத்தின் பாவைகளே. அடிகள் அவ்வாறு பாடவில்லை. ஊழினை ஒப்புக்கொண்டே, ஒவ்வொருவரும் எந்த இடத்தில் எப்படித் தவறினர் என்பதைப் பொற்கொல்லன் தராசுபோல் நிறுத்துக் காட்டுகிறார்.

பாத்திரங்களை ஆராய்வதற்கு மூன்று வினாக்களை எம் மாணவியர்க்குக் கற்பிப்பது வழக்கம். அவர் எதை விரும்பினார்? எதை அறிந்திருந்தார்? எதைக் கேட்கத் தவறினார்? இவற்றுள் மூன்றாம் வினாவே பாத்திரத்தின் உள்ளத்தைத் திறக்கும் திறவுகோல்.

பாண்டியன் நெடுஞ்செழியனை முதலில் எடுத்துக்கொள்வோம். ஊடிய அரசியின் சினத்தைத் தணிக்க விரைந்து சென்றுகொண்டிருந்தான். அரசியின் காணாமற்போன சிலம்பு கள்வனிடம் இருக்கிறது என்று பொற்கொல்லன் உரைத்ததொன்றே அவன் அறிந்தது. அந்தக் கள்வனை அழைத்து வருக, அவன் கூறுவதையும் கேட்போம் என்னும் ஒரு சொல்லே அவன் கேட்கத் தவறியது. சிலம்பு கையிலிருப்பின் அவனைக் கொன்று கொணர்க என்று காவலரை ஏவிவிட்டு நடந்தான். கோவலனை நேரிற் கண்ட காவலர்கூட, இவன் கள்வனைப்போல் தோன்றவில்லையே என்று தயங்கினர். கண்டவர் தயங்கினர், காணாதவன் தீர்ப்பளித்தான்.

இனிக் கோவலனைப் பார்ப்போம். கடற்கரையில் மாதவி பாடிய பாட்டினுள் வேறொருவன்மேல் வைத்த காதல் ஒலிப்பதாக அவன் எண்ணினான். எண்ணியது மெய்தானா என்று அவளை ஒருசொல் கேட்கவில்லை, எழுந்து சென்றான். அவள் விடுத்த முதல் திருமுகத்தையும் ஏற்க மறுத்தான். மதுரை செல்லும் வழியில் கோசிகன் கொணர்ந்த இரண்டாம் திருமுகத்தைப் படித்த பின்னரே அவள்மேல் தவறில்லை, தவறு தன்னுடையது என்று உணர்ந்தான். ஆகவே, கேளாமல் தீர்ப்பளிக்கப்பட்டு மாண்டவன், தானும் ஒருத்திக்குக் கேளாமல் தீர்ப்பளித்தவனே.

இன்னும் பின்னே செல்லின் முற்பிறப்பு தோன்றுகிறது. மதுரை எரிந்தபின் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு அதனை உரைக்கிறது. கலிங்க நாட்டில் பரதன் என்னும் பெயரோடு அரசனிடம் பணிபுரிந்தவன் கோவலன். வாணிகம் செய்ய வந்த சங்கமனைப் பகைவரின் ஒற்றன் என்று அவன் அரசனிடம் காட்டிக் கொடுத்தான். உசாவல் இன்றிச் சங்கமன் கொல்லப்பட்டான். அவன் மனைவி நீலி அழுது புலம்பிச் சாபமிட்டு உயிர்நீத்தாள். பரதன் விரதத்தை விட்டு நீங்கியவன் என்பதையும் அடிகள் குறிக்க மறக்கவில்லை.

சங்கமனுக்கு இழைத்ததும், மாதவிக்கு இழைத்ததும், கோவலனுக்கு இழைத்ததும் ஒரே தவறு. எதிரே நிற்பவரின் வாய்மொழியைக் கேளாமல் முடிவு செய்தமையே அது. ஒருபுறம் மட்டும் கண்டு முழுமையும் கண்டதாக எண்ணுவதை நம் பெரியோர் ஏகாந்தம் என்றனர். அநேகாந்தம் என்பது அறிஞர் அவைகளில் வாதிடுவதற்கு மட்டும் உரிய தத்துவமன்று. ஒருவர்மேல் குற்றம் சொல்லப்படும்போது, அவர் பக்கத்தையும் கேட்டபின் வாய் திறப்பதே அதன் முதற்படி.

இனி மாணவியின் வினாவிற்கு வருவோம். வினை உயிரோடு பந்தமாவதற்குத் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமிகள் ஐந்து காரணங்கள் கூறுகிறார்: மித்தியாத்துவம், அவிரதி, பிரமாதம், கஷாயம், யோகம் என்பன அவை. பரதன் விரதம் நீங்கியது அவிரதி. பொற்கொல்லனை ஆட்டியவை கஷாயங்களுள் மாயையும் லோபமும். பாண்டியன் கொலைவெறியன் அல்லன். செங்கோல் வழுவாதவன் என்று பெயர் பெற்றவன். அவனிடம் இருந்தது பிரமாதம், அதாவது கவனமின்மை. கவனமின்மையால் உயிருக்கு ஊறு செய்வதே இம்சை என்பது அந்நூலின் இலக்கணம். ஆதலின், கொல்லும் விருப்பம் இல்லை என்று சொல்லிப் பாண்டியன் தப்ப இயலாது.

பழவினை உதயமாகி ஒரு சூழலைத் தரும். அச்சூழலில் நாம் கொள்ளும் பரிணாமம் புதுவினையைக் கட்டும். கோவலன் மாண்டது பரதன் செய்த வினையின் பயனாகலாம். அந்தக் கணக்கு கோவலனுடையது. பாண்டியன் உசாவாமல் ஏவியது பாண்டியனுடைய கணக்கு. ஒருவர் கணக்கைக் காட்டி மற்றொருவர் கணக்கை அழிக்க வழியில்லை. வினை என்னும் சொல் துன்புற்றவர் தமக்குத் தாமே சொல்லி ஆறுதல் பெறுவதற்கு உரியது. துன்பம் செய்தவர் அதனைச் சொல்வாராயின், அது தம்மை மறைத்துக்கொள்ளும் திரையே.

கிரேக்க நாட்டினரும் இதனை எண்ணியுள்ளனர். அவலநாடகத் தலைவனின் வீழ்ச்சிக்கு, அவன் கொடியவனாக இருப்பது காரணமன்று, ஹமார்த்தியா என்னும் பிழையே காரணம் என்றார் அரிஸ்டாட்டில். வில்லாளி குறி தவறுதலைக் குறித்த சொல் அது. சோபகிளீசின் ஈடிபஸ் மன்னன், விதி முன்னரே உரைத்திருந்தும், விதியின்மேல் பழிபோட்டு நிற்கவில்லை. உண்மையைக் கடைசிவரை உசாவித் தன் கண்களைத் தானே குத்திக்கொண்டான். நெடுஞ்செழியனோ உசாவாமல் கெட்டான். ஆயினும் கண்ணகியின் சிலம்பு உடைந்து, முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்த கணத்தில், தானே கள்வன் என்று உணர்ந்து அரியணையிலேயே உயிர்விட்டான். அவன் மாண்பு அதில் உள்ளது. தன்னைத் தண்டிக்க எவரும் இல்லாத இடத்தில் தன் குற்றத்தைத் தானே ஏற்றான்.

யாம் வாழ்ந்த நாஞ்சில் நாட்டையே போருக்குக் காரணமாகக் கொண்டு 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்திலும், பெ. சுந்தரம் பிள்ளை இத்தகைய ஒரு பாண்டியனைப் படைத்தார். ஜீவக மன்னன் அமைச்சன் குடிலனின் சொல்லை மட்டும் நம்பி, உண்மை ஊழியனாகிய நாராயணனை ஐயுற்றான். அங்கே சுந்தர முனிவரின் அருளால் முடிவு மங்கலமாயிற்று. எல்லார்க்கும் அப்படியொரு முனிவர் வாய்ப்பதில்லை.

எமக்கும் வாய்க்கவில்லை. அந்த ஒத்திகைக்கு ஐந்தாறு ஆண்டுகட்கு முன்னர், யாம் பள்ளியில் ஏழாம் வகுப்பிற்குப் பொறுப்பாக இருந்தபோது, சுற்றுலாவிற்கெனச் சேர்த்த பணம் காணாமற்போயிற்று. உணவு இடைவேளையில் ஒரு மாணவி மட்டும் வகுப்பறையில் இருந்ததாக மற்றொருத்தி கூறினாள். இருந்தவள் மிக வறிய வீட்டுப் பெண். அனைவர் முன்னிலையிலும் அவள் பையைக் கொட்டிப் பார்த்தோம், பணம் இல்லை. “நான் எடுக்கல்ல டீச்சர்” என்று அழுதாள். ஏன் வகுப்பறையில் இருந்தாய் என்றுகூட யாம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வருகைப் பதிவேட்டின் அட்டையுறைக்குள் அப்பணம் இருந்தது. வைத்தவர் யாமே.

பணம் கிடைத்துவிட்டது என்று வகுப்பில் அறிவித்தோம். தவறு எம்முடையது என்று அறிவிக்கவில்லை. ஆசிரியர் என்னும் மானம் நாவைக் கட்டியது. உண்ண ஏதும் கொண்டுவராத நாட்களில் அவள் வகுப்பிலேயே இருந்துவிடுவாள் என்று பின்னர் அறிந்தோம். அந்த ஆண்டு முடிவில் அக்குடும்பம் ஊரைவிட்டுச் சென்றது. அவள் முற்பிறப்பில் என்ன செய்தாளோ, அவள் வினை அப்படி என்று எமக்கு யாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். பாண்டியன் வேடத்தில் நின்ற மாணவி வினவியபோது யாம் நழுவியது இதனால்தான்.

சிலம்பில் நம்மவர் அனைவரும் போற்றும் பாத்திரம் கவுந்தியடிகள். அவரிடமும் ஒரு சறுக்கல் நேர்ந்ததை அடிகள் மறைக்கவில்லை. உறையூரின் புறத்தே காமுகர் இருவர் கோவலனையும் கண்ணகியையும் இழித்துப் பேச, கவுந்தி சினந்து அவர்கள் நரியாகுமாறு சபித்தார். இழிக்கப்பட்ட அவ்விருவருமே இரங்கி, அறியாமையால் பேசினர், பொறுத்தருளுக என்று வேண்டினர். கவுந்தியும் சாபத்திற்குப் பன்னிரு திங்கள் எல்லை வகுத்தார். துறவியின் சினத்தை இல்லறத்தாரின் பொறுமை தணித்த இடம் அது. பின்னர் மதுரையில் நடந்ததைக் கேட்டபோது, வினைப்பயன் என்று உரைத்துவிட்டு அகல்வதற்குக் கவுந்தியைவிடத் தகுதியுடையார் எவர்? ஆயினும் அவ்வாறு அகலவில்லை; உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். வினையை முற்ற அறிந்தவர்தாம் பொறுப்பையும் முற்ற ஏற்றார்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் காப்பியத்தில் உண்டு. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியின் சினம் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான். ஒருவன் செய்த பிழைக்கு ஆயிரவர்! அவர்களுள் எவரை எவர் உசாவினார்? ஒருவனை உசாவாமல் கொன்றதற்குக் கழுவாயாக ஆயிரவரை உசாவாமல் கொன்றனர். பிறர்மேல் பழியேற்றிச் செய்யும் சாந்தி சாந்தியன்று. தன்னைத்தான் உசாவும் பிரதிக்கிரமணமே சாந்தி.

குழித்துறை அருகே சிதறால் என்னும் ஊரில் திருச்சாரணத்து மலை உள்ளது. அங்கே பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தொழுதவர் அறிவர், அம்மலையின் அமைதியை. விக்கிரமாதித்த வரகுணனின் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் சமண ஆசிரியை பகவதிக்குப் பொன்னணி அளித்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. குரத்தி என்றால் ஆசிரியை. குணம் தாங்கியவர் என்னும் அப்பெயரின் முன் நிற்கும்போதெல்லாம், கற்பித்தலை மட்டும் செய்து குணத்தைத் தாங்காது விட்ட எம் நாளொன்று நினைவிற்கு வரும்.

தசலட்சண தருமங்களுள் முதலாவது உத்தம க்ஷமை. பிறரைப் பொறுப்பதும் அதனுள் அடங்கும். பிறரிடம் பொறையை வேண்டுவதும் அதனுள் அடங்கும். அப்பெண் இன்று எங்கேனும் பாட்டியாக இருக்கக்கூடும். நம் இதழ் அவள் கையை எட்டாது. ஆயினும் அவளிடம் மன்னிப்பு வேண்டுவதை, அன்று வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் சொல்லாததை, இங்கே அனைவர் முன்னிலையிலும் எழுதுகிறோம்.

இல்லத்தில் மருமகள்மேல் ஒரு சொல், வேலைக்கு வருபவர்மேல் ஓர் ஐயம், பிள்ளைகள்மேல் ஒரு குற்றச்சாட்டு எழும்போதெல்லாம் நாமும் ஒரு கணம் அரியணையில் அமர்கிறோம். அக்கணத்தில் ஒரு வினா கேட்போம்: நீ என்ன சொல்கிறாய்? கேட்டபின் முடிவு செய்வோம். கேளாது தவறினால், ஊழின் பின்னே ஒளியாமல் ஒப்புக்கொள்வோம்.

அறம் வளர்க.