வாசியில்லாக் காசும் இளைஞர் தொண்டும்

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நால்வகை நெறிகளுள் முதற்படியாகிய சரியை உடலினாற் செய்யும் தொண்டாகும். திருக்கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், பூமாலை தொடுத்தல், திருவிளக்கிடுதல், அடியார்க்கு ஏவல் செய்தல் என்பன இதில் அடங்கும். சரியைக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஆதலால் கையிற் பணமில்லாத இளைஞருக்கும் இந்நெறி திறந்தே இருக்கின்றது. அத்தொண்டின் மதிப்பைப் பெரியபுராணத்தில் வரும் திருவீழிமிழலை வரலாறு நன்கு உணர்த்தும்.

முதியவராகிய திருநாவுக்கரசரும் இளையவராகிய திருஞானசம்பந்தரும் அத்தலத்தில் தங்கியிருந்த காலத்தில் மழை பொய்த்து நாட்டிற் கொடிய பஞ்சம் வந்தது. அடியார்கள் பசியால் வருந்தினர். இறைவன் இருவர் கனவிலும் தோன்றி, அப்பஞ்சம் தீருமளவும் நாள்தோறும் படிக்காசு தருவதாக அருளினார். கிழக்குப் பீடத்திற் சம்பந்தருக்கும் மேற்குப் பீடத்தில் அப்பருக்கும் ஒவ்வொரு பொற்காசு கிடைத்தது. இரு திருமடங்களிலும் உலையேறியது.

ஆனால் அப்பரின் மடத்தில் உரிய வேளையிலும், சம்பந்தரின் மடத்திற் காலந்தாழ்த்தும் அமுது படைக்கப்பட்டது. சம்பந்தர் வாளாவிருக்கவில்லை. காரணம் யாதென விசாரித்தார். அவருடைய காசைக் கடைக்காரர் வட்டங்கேட்டு மாற்றுகின்றனர் என்றும், அப்பரின் காசு வாசியில்லாத காசென்றும் பரிசாரகர் கூறினர். அப்பர் உழவாரப்படை ஏந்திக் கைத்தொண்டு செய்பவர். அதனாலேயே அவர் காசிற்கு வாசி இல்லையெனச் சேக்கிழார் பெருமான் காட்டுவார். சம்பந்தர் பதிகம் பாடி இறைவனிடம் முறையிட, அன்று முதல் அவருக்கும் நற்காசே கிடைத்தது.

முதியவரும் இளையவரும் சேர்ந்தே பசி தீர்த்தனர் என்பதும், உடலுழைப்போடு சேர்ந்த காசு குறைவின்றிப் பயன்படும் என்பதும் இவ்வரலாற்றின் பாடங்களாகும்.

இலங்கைத் தமிழ்க் கிராமங்களுக்குப் பஞ்சத்தினும் கொடியதாக வந்தது போர். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாம மக்கள் ஒரே இரவிற் புறப்பட்டபோது, வழியிலிருந்த கோயில் மண்டபங்களே பலருக்கும் வீடாயின. 2009 ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தபின் வன்னி மக்கள் வவுனியா முகாம்களில் அடைபட்டிருந்தனர். முகாம்கள் மூடப்பட்டன, ஆயினும் துணைவரை இழந்த பெண்களும், அவயவம் இழந்தோரும், படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளும் நிமிர்வதற்குப் பல்லாண்டு செல்லும்.

இத்தகையோருக்கு உதவி என்றதும் பலர் வெளிநாட்டு உறவினரையே நோக்குகின்றனர். அவர்கள் தருவது போற்றத்தக்கதே. ஆனால் ஊரின் கையுழைப்பு அதனோடு சேராவிடின் அதுவும் வாசியுள்ள காசாகிவிடும். ஊர்களிற் பழைய பிடியரிசி வழக்கம் இருந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பர். நூறு வீடுகளில் நாளொன்றுக்கு ஐம்பது கிராம் வீதம் சேர்ந்தால் நாளுக்கு 5 கிலோ, மாதத்திற்கு 150 கிலோ அரிசி. எந்த வீடும் இதனால் வறுமைப்படாது. வாரந்தோறும் துவிச்சக்கரவண்டியில் வீடுவீடாகச் சென்று சேகரிப்பதற்கு இளைஞரே தகுந்தவர்கள். வில்லுப்பாட்டு, நாடகம், பழைய பத்திரிகை விற்பனை, வேலி அடைத்துக் கூலி பெறுதல் எனப் பிற வழிகளையும் அவர்களே கண்டறிவர்.

கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். மதுரையில் வைகைக் கரை அடைக்க வீட்டுக்கு ஓராள் வேண்டுமென ஆணை பிறந்தபோது, ஆளில்லாது தவித்தவள் வந்திக் கிழவி. சோமசுந்தரப் பெருமான் இளங் கூலியாளாக வந்து அவள் பங்கை ஏற்றார். இரந்து உண்ணவுமில்லை, இலவசமாகக் கொடுக்கவுமில்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றே மண் சுமந்தார். அவள் விற்பவளாகவே தலைநிமிர்ந்து நின்றாள். ஆகவே போரினால் நலிந்த குடும்பப் பெண்கள் ஆக்கிய ஒடியல், பினாட்டு, பனையோலைப் பெட்டி ஆகியவற்றை மகோற்சவ காலத்தில் வீதியிற் கடைவிரித்து விற்றுக்கொடுப்பது பணமுடிப்பு வழங்கிப் படம் எடுப்பதினும் சிறந்த தருமமாகும்.

1877 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்திற் கஞ்சித்தொட்டி நடத்தினார். தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத் தலைவராக விளங்கிய சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் (1925 – 2008) துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நிறுவி, ஆதரவற்ற பெண்பிள்ளைகளை வளர்த்தெடுத்தார். கோயிலும் சமூகத்தொண்டும் வேறல்ல என்பதை இவர்கள் செய்து காட்டினர்.

இன்று பல கோயில்களில் இளைஞருக்கு உள்ள இடம் எது? தேர்வடம் பிடிக்கவும், பந்தல் கட்டவும், பந்தியிற் பரிமாறவும் அவர்களை அழைக்கின்றனர். கணக்குப் புத்தகத்தை மட்டும் காட்டுவதில்லை. பின்னர் இளைஞர் கோயிலுக்கு வருவதில்லை என்று குறைகூறுகின்றனர். சேகரித்த ஒவ்வொரு பிடிக்கும், பெற்ற ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு எழுதி, வரவு செலவை மாதந்தோறும் அறிவித்தற் பலகையில் இடும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தல் வேண்டும். சம்பந்தர் ஏன் தாமதம் என்று கேட்டதைப்போல அவர்களும் கேட்பார்கள். அக்கேள்விக்கு மூத்தோர் அஞ்சலாகாது. குறை வெளிப்பட்டால்தான் வாசி தீரும்.

கிழக்குப் பீடமும் மேற்குப் பீடமும் போல மூத்தோரின் அனுபவமும் இளையோரின் உழைப்பும் ஒரே சந்நிதியில் இணையட்டும். அவ்வாறு இணைந்த ஊரில் எவரும் பசித்திரார்; எந்தப் பிள்ளையும் புத்தகமின்றி வீட்டில் நில்லாது. அதற்குத் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்