எந்தக் குவளையை அந்நியமாக்குவது?

நுண்கலைக் கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருத்தன் சென்ற வருசம் எங்க வீட்டுக்கு வந்தான். நம்ம தெருப் பையன்தான். கண்காட்சிக்கு எங்கம்மாவின் நசுங்கிய அலுமினிய டம்ளரைக் கேட்டான்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்க ஊர் டீக்கடையில் ஊர்த்தெருக்காரர்களுக்குப் பெஞ்சும் கண்ணாடி கிளாசும். நம்ம சனம் வீட்டிலிருந்தே டம்ளர் கொண்டுபோகணும். எட்ட நின்று நீட்டினால், மேலே பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊத்துவார்கள். நடவுக்குப் போகும்போது அம்மா அந்த டம்ளரை முந்தானையில் முடிந்துகொண்டு போவாள்.

"வெள்ளச் சுவத்துக்கு முன்னால இத ஒத்தையா வச்சா, பாக்குறவன் ஆடிப்போயிடுவான் பெரியம்மா" என்றான் தம்பி.

அவன் பேச்சுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கோட்பாடு இருக்கிறது. பழகப் பழகப் பொருள்கள் நம் கண்ணில் படாமலே போகின்றன. அவற்றைப் பரிச்சயமிழக்கச் செய்து, புதிதாக உணரவைப்பதே கலையின் வேலை என்று 1917இல் எழுதினார் ருஷ்ய உருவவியலாளர் ஷ்க்லோவ்ஸ்கி. அதே வருசம் நியூயார்க்கில் துஷாம் ஒரு பீங்கான் மூத்திரக் கோப்பைக்கு 'நீரூற்று' என்று பெயர் வைத்துக் கண்காட்சிக்கு அனுப்பினார். வைக்க மறுத்துவிட்டார்கள். 1936இல் மெரெட் ஓப்பன்ஹைம் டீக்கோப்பை, சாசர், கரண்டி மூன்றையும் மான் ரோமத்தோலால் போர்த்தினார். பார்த்ததுமே உதடு கூசும். பீகாரில் பிறந்த சுபோத் குப்தா 2006இல் எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கி ராட்சத மண்டையோடு ஒன்று செய்தார்.

ரோமக் கோப்பை உருவான அதே 1936இல்தான் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' வெளிவந்தது. பேஷ்வாக்கள் காலத்தில் புனாவில் தீண்டப்படாதவர்கள் எச்சில் துப்பக் கழுத்தில் மண்பானையும், நடந்த தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததை அதில் சொல்கிறார். பானையும் துடைப்பமும் எந்த வீட்டில் இல்லை? அவற்றை இவ்வளவு விபரீதமாக்கியது எந்தக் கலைஞன்?

'பழகிப்போய்விட்டது' என்று கோட்பாடு சொல்கிறதே, யாருக்குப் பழகிப்போனது? எங்கம்மாவுக்கு அது வீட்டில் வெறும் டம்ளர். கடை வாசலில் நீட்டும்போதுதான் வேறொன்றாக மாறுகிறது. ஒவ்வொரு நாளும் மாறியது. அவளுக்கு அது ஒருநாளும் பழகவில்லை.

அதற்காக ஓப்பன்ஹைமைத் தூக்கியெறிய வேண்டாம். உதட்டைக் கூசவைக்கிற வேலை நமக்கும் வேண்டும். யார் உதடு கூசணும் என்பதுதான் கேள்வி. அம்மா தம்பியிடம் கேட்டதும் அதுதான்:

"நான் வாய் வச்சுக் குடிச்ச டம்ளருடா. இதுல என்னா அசிங்கம் இருக்கு? அவுங்க குடிச்ச கண்ணாடி கிளாஸக் கொண்டுபோயி வையேன்."

தம்பியும் விடவில்லை. "மறைச்சுட்டா, அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு சொல்லிடுவான் பெரியம்மா."

அவன் பயம் பொய்யில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள் பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் கண்டார்கள். கடைக்காரர் கைதானார். அதுவும் தேவைதான். ஆனால் அதுவரை அங்கே 'நல்ல' குவளையில் குடித்துவந்தவர்களுக்குக் கையிலிருந்தது விசித்திரமாகவே படவில்லையா?

உண்மையில் கண்ணுக்குத் தெரியாமல் போன பொருள் அந்தக் குவளைதான். 'பொது' என்று பெயர் வாங்கிக்கொண்ட குவளை. ரோமம் போர்த்த வேண்டியது அதற்கு. நம்ம டம்ளரை மட்டும் வெள்ளைச் சுவர் முன்னால் வைத்தால், வருகிறவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். அவமானம் மறுபடி நம் பக்கமே நிற்கும். அவமானப்படுத்தியவன் பார்வையாளனாகித் தப்பித்துவிடுவான். சாட்சியம் சொல்வோம், மறைக்க வேண்டாம். ஆனால் சாட்சிக்கூண்டில் நாமும் குற்றவாளிக்கூண்டில் யாருமே இல்லாமலும் ஒரு வழக்கு நடக்குமா?

பொருள்களை அந்நியமாக்குவது ஒரு கலகம். அந்நியமாக்கப்பட்ட பொருளைச் சாதாரணமாகப் புழங்குகிற உரிமையைக் கேட்பது அதைவிடப் பழைய கலகம். எங்கம்மா டம்ளரைக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் அதில்தான் தண்ணீர் குடிக்கிறாள். தம்பி இப்போது ஒரு கண்ணாடி கிளாஸ் தேடிக்கொண்டிருக்கிறான்.