வேட்டைக்காரனின் ஆசனம்

ஒரு காரியத்தைச் செவ்வையாகச் செய்தல் வேறு. செவ்வையான காரியத்தைச் செய்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் மயக்கம் பெரிது. இதனை விளக்கத் தூரதேசத்து உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டையாடுதல் சட்டம் அனுமதித்த வழக்கமாகும். விஸ்கான்சின் மாநிலம் 1934-ஆம் ஆண்டிலேயே வில்வேட்டைக்கெனத் தனிப் பருவம் வகுத்தது. மரத்தின்மேல் ஏறியிருந்து எய்வோர் பலர். தரையில் துணிக்கூடாரத்திலோ புதர் மறைவிலோ அமர்ந்து எய்வோரும் உளர். தரையில் இருப்போர் வில்லைத் தேர்வது போலவே ஆசனத்தையும் ஆராய்ந்து தேர்கின்றனர்.

அவ்வாசனம் கிறீச்சிடலாகாது. மிகத் தாழ்ந்திருப்பின் கால் மரத்துப்போகும். வில்லின் கீழ்முனை முழங்காலில் இடிக்கும். மிக உயர்ந்திருப்பின் தலை வெளியே தெரியும். பாதம் தரையில் படிந்து, தொடை சமமாய் நிற்பதே தக்க உயரம். முதுகுச்சாய்வு வேண்டும், ஆயினும் அது நாணிழுக்கும் முழங்கையைத் தடுக்கலாகாது. ஈரமண்ணில் புதையாத அகன்ற கால்களும் வேண்டும்.

இத்தனை கவனம் எதற்கு? மானின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை; அவை சிற்றசைவையும் கண்டுகொள்ளும். அது 20 அல்லது 30 கஜ தூரத்திற்குள் வரும்வரை மணிக்கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும். மேலும் அம்பு பெரும்பாலும் இரத்தப்பெருக்கினாலேயே உயிர் போக்குவது. இதயத்தையோ நுரையீரலையோ விட்டு ஒரு சாண் விலகினால், அப்பிராணி நெடுநேரம் துடித்தே சாகும். உடல் நொந்தால் கை தவறும் என்பதை இயந்திரத்தின் முன் நாள்முழுதும் நின்று உழைத்தோர் அறிவர். ஆதலால் நல்ல ஆசனம் மானுக்கும் ஒரு தயவே என்று வேட்டைக்காரன் சொல்லுவான். அவன் சொல்வது பொய்யன்று. ஓநாய்கள் அற்றுப்போன பிரதேசங்களில் மான்கள் பெருகிப் பயிரையும் இளங்காட்டையும் அழிக்கின்றன என்பான், அதுவும் பொய்யன்று.

ஆயினும் நம் கேள்வி வேறு. துன்பத்தைக் குறைத்த செயல் நற்செயலாகிவிடுமோ?

கொலை நிறைவுறுதற்கு ஐந்து அங்கங்களைத் தேரவாத உரையாசிரியர் வகுத்துள்ளனர்: உயிருள்ள பிராணி, அது உயிருள்ளதென்ற அறிவு, கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் நேரும் மரணம். சுகமான ஆசனம் இவ்வைந்தில் எதனை நீக்கிற்று? ஒன்றையும் நீக்கவில்லை. அது முயற்சியின் ஓர் உறுப்பாகவே நின்றது. தியானிப்பவனும் முதுகு நிமிர்த்தி அசையாது அமர்கிறான். வேட்டைக்காரனும் அவ்வாறே அமர்கிறான். உடலின் அமைதி இருவர்க்கும் பொது. எண்ணமே இருவரையும் பிரிக்கின்றது.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுத்திருக்கிறது; ஆதலால் இக்கேள்வி நமக்கில்லை என்று எண்ணலாகாது. அளவு குறையாமல் சாராயம் விற்பவன் தன்னை நேர்மையாளன் என்கிறான். இன்சொல் பேசிக் கடுவட்டி வாங்குபவன் தன்னைத் தயாளன் என்கிறான். ஏமாற்றாமையும் இன்சொல்லும் நல்லவையே. ஆனால் அவை, அவர்கள் வசதியாக அமர்ந்துகொள்ளும் ஆசனங்களாகவும் ஆகிவிட்டன.

அசோக மன்னர் காட்டிய வழி நினைக்கத்தக்கது. முன்னை மன்னர் வேட்டைக்கெனச் சென்ற இன்பப் பயணங்களை விட்டு, முடிசூடிப் பத்தாண்டான பின் அவர் சம்போதிக்குச் சென்றார். அதுமுதல் தம்மப் பயணங்களை மேற்கொண்டார். முன்பு ஆயிரமாயிரம் பிராணிகள் அறுபட்ட தம் மடைப்பள்ளியில் இப்போது இரண்டு மயில்களும் ஒரு மானுமே கொல்லப்படுகின்றன, மானும் எப்போதும் அன்று, இனி இவையும் கொல்லப்படா என்று கல்லில் பொறித்தார். குறைந்துவிட்டதே என்று அந்த ஒரு மானை அவர் மறைக்கவில்லை. குறைந்த தீமைக்கு நன்மை என்று பெயரிடவுமில்லை.

தீமையைக் குறைப்போமாக, அது நன்றே. ஆனால் எஞ்சியதை அதன் பெயராலேயே அழைப்போமாக. அப்போதே அதனை விட்டொழிக்கும் நாள் ஒன்று வரும்.