கொடுத்தவர் மறந்தால் கடன் தீருமா?



ஒருவரிடம் ஆயிரம் வெள்ளி கடன் வாங்கியிருக்கிறோம். கொடுத்தவர் அதை மறந்துவிட்டார், சீட்டுமில்லை, சாட்சியுமில்லை. கடன் தீர்ந்துவிட்டதா? "இல்லை" என்றே நம்மில் எவரும் சொல்லுவார். திருக்குர்ஆனில் மிக நீண்ட ஆயத்தாகிய பகரா சூராவின் 282ஆம் ஆயத்து, கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே. மனிதன் மறப்பவன் என்பதால்தானே எழுத்தும் சாட்சியும்?

பணக் கடனில் இவ்வளவு பேணுதலாக இருக்கும் நாம், பாசக் கடனில் எப்படி இருக்கிறோம்? இதை உபதேசமாகச் சொல்லவில்லை. என் குற்றத்தையே சொல்லுகிறேன்.

என் பெரியத்தா 1950களில் சிறு பிள்ளையாக ராஜுலா கப்பலில் வந்து, குளுவாங்கில் கடை வைத்தவர். தராசு பிடிக்கவும் பற்று வரவு எழுதவும் எனக்குக் கற்றுத் தந்தவர். இன்று 80 வயதைக் கடந்த அவருக்கு ஞாபகம் போய்விட்டது. ஒரு நாள் அவரிடம், "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்றேன். விழித்தார், பிறகு வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "நம்மைத் தெரியாதவரிடம் போய் என்ன பயன்? வந்ததையும் மறந்துவிடுவாரே" என்றெண்ணி, கடை வேலையைச் சாக்கிட்டு நான்கு மாதம் போகாமலிருந்தேன்.

பிறகொரு நாள் கடையில் பழைய பேரேட்டைப் புரட்டினேன். யாரோ ஒரு வாடிக்கைக்காரர் மறந்துவிட்டுப் போன மூன்று வெள்ளியை, "வந்தால் கொடுக்கவும்" என்று பெரியத்தா எழுதி வைத்திருந்தார். என் முகத்தில் அறைந்தாற்போலிருந்தது. அன்று அஸர் தொழுதுவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

நிற்க, போவதில் பயனில்லை என்பதும் தவறு. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தார் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அல்ஸைமர் என்னும் மறதி நோயுள்ளவர்களுக்கு மகிழ்ச்சியான படங்களையும் துயரமான படங்களையும் காட்டினார்கள். பார்த்த படம் மறந்துபோன பின்னும், அதனால் உண்டான மகிழ்ச்சியும் துயரமும் மனத்தில் தங்கியிருந்தன. ஆகவே, நாம் வந்தது அவருக்கு மறந்துபோகலாம். வந்ததனால் உண்டான குளிர்ச்சி உடனே போய்விடுவதில்லை. நான் கேட்ட கேள்வியால் உண்டான வெட்கமும் அப்படியே தங்கியிருக்குமல்லவா?

இப்போது நான் சோதிப்பதில்லை. ஸலாம் சொல்லி, "உங்கள் தம்பி மகன் வந்திருக்கிறேன்" என்று நானே சொல்லிவிடுவேன். கையைப் பிடித்துக்கொண்டு ஃபாத்திஹா ஓதுவேன். என் பெயர் தெரியாதவர் ஓர் எழுத்துப் பிசகாமல் உடன் ஓதுகிறார்!

ஒரு சங்கடமும் உண்டு. "ராஜுலா வந்துவிட்டதா?" என்று கேட்பார். அந்தக் கப்பலின் ஓட்டம் 1973உடன் முடிந்தது. "வந்தது" என்றால் பொய். "இனி வராது" என்றால் முகம் வாடும். ஆகவே, "பெரியத்தா, நாகப்பட்டினத்தில் ஏறினால் முதலில் எங்கே வரும்?" என்பேன். "பினாங்கு!" என்பார். பிறகு கதை தானே வரும். பொய்யுமில்லை, மன நோவுமில்லை.

அறிந்திருந்த பின் ஏதும் அறியாமற்போகும் தள்ளாத வயதுக்கு நம்மில் சிலர் திருப்பப்படுவர் என்று நஹ்ல் சூராவின் 70ஆம் ஆயத்து எச்சரிக்கிறது. அந்தச் சிலரில் நாளை நாமும் இருக்கலாம். பெரியவரின் ஏட்டில் நம் பெயர் அழிந்துபோகலாம். கிராமன் காத்திபீன் மலக்குகளின் ஏட்டில் எதுவும் அழிவதில்லை. கடையை ஒரு மணி நேரம் முன்னதாக அடைத்தால் வியாபாரம் கெட்டுவிடாது.

வல்ல அல்லாஹ் நம் கடன்களைத் தீர்த்துச் செல்லும் பாக்கியத்தைத் தருவானாக! ஆமீன்.